தடுப்புக்கு இந்தப் பக்கம்

வியாழன், இரவு

"ரயில் கூடினால் தெருவில கார் குறையுமோ, சேர்?" என்று முன்பு நான் படிப்பித்த காலத்தில் ஒரு மாணவி கேட்டாள். குறையும் என்றேன்.

இன்று காலை மகள் என்னைக் காரில் ஏவன்டேல் ரயில் ஸ்டேஷனில் இறக்கிவிட்டு ஆஸ்பத்திரி வேலைக்குப் போக வேண்டியிருந்தது. தெரு தண்டவாளத்தைக் கடக்கும் இடத்தில், எங்கள் காருக்கு முன்னால் தடுப்பு விழுந்தது. ஒரு ரயில் போன பிறகும் அது எழும்பவில்லை. எதிர்ப்பக்கமிருந்து நான் ஏற வேண்டிய ரயிலும் வந்து போனது.

"அப்பா, உங்கட ரயில் உங்களையே மறிச்சுப்போட்டுது! நான் போன கிழமையும் பிந்திப் போய்ப் பேச்சு வாங்கினனான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தெருவை அடைத்தது ரயிலா, ரயிலேறக் காரில் வந்த நானா? அந்த மாணவிக்கு இப்போது என்ன சொல்வேன்?

நாளை மகளை நேரே வேலைக்கு அனுப்பிவிட்டு, ஸ்டேஷனுக்கு நான் நடந்து போய்ப் பார்க்க வேண்டும்.