அப்பா அடித்துவைத்த கேஸ்

ஜெரால்ட்,

அப்பா கடைசியாகப் போய்வந்தது காருக்கு ஏசி கேஸ் அடிக்கத்தான். "ஊட்டி மாதிரி இருக்கு, வந்து உட்காரு" என்று கூப்பிட்டார். மறுநாள் அவர் இல்லை.

இன்று உன் மெக்கானிக் நசீர் வந்து, "பழைய கேஸ் இனிமே கிடைக்காது ஆண்ட்டி. இருக்கிறதை வெளிய விட்டுட்டு புது செட் போடச் சொன்னாரு சார்" என்கிறான். கிடைக்காது என்றால் இருப்பதை ஏன் விட வேண்டும்? இன்னும் ஜில்லென்றுதானே வருகிறது! என்னை ஒரு வார்த்தை கேட்டாயா?

காரை எடுத்துக்கொண்டு அத்திபெலேயில் இருக்கும் உன் சித்தி வீட்டுக்குப் போகிறேன். மீன் குழம்பைச் சூடு பண்ணிக்கொள். நசீர் திரும்ப வந்தால் டீ கொடு. அவன்மேல் தப்பில்லை.

அம்மா

பி.கு.: ரிப்பேர் செய்தே ஆகவேண்டுமென்றால், இடது பக்கக் கதவு அப்பா இருந்தபோது போலவே இன்றும் ஓங்கிச் சாத்தினால்தான் மூடுகிறது.