‘ஆமாங்க’ என்றால் சரிதான்

என் தங்கமே, கீரனூர் பஸ்ஸைப் பிடிக்க மட்டுமே ஓடத் தெரிந்த ஜெசிந்தாவே,

நீ கண்ணை மூடிய பிறகும் கோர்ட்டில் இருமிக்கொண்டிருக்கிறாய். இதை நான் யாரிடம் போய்ச் சொல்ல? வீட்டில் சொன்னால் டாக்டரிடம் கூட்டிப்போவார்கள். சக வக்கீல்களிடம் சொன்னால் சிரித்தே கொன்றுவிடுவார்கள். அதனால் உன்னிடமே சொல்லித் தொலைக்கிறேன்.

நீ இருந்தவரை நான் சாட்சியிடம் குரலை உயர்த்தினால் போதும், பின் வரிசையிலிருந்து ஒரு வறட்டு இருமல் வரும். ‘அக்கா, நாக்கைக் கவனிங்க’ என்று அதற்கு அர்த்தம். “நீ என்னடி ஜட்ஜா?” என்று வெளியே வந்து சண்டை போடுவேன். நீ டீ வாங்கிக் கொடுத்து என் வாயை அடைப்பாய்.

நீ நடத்திவந்த செல்வி வழக்கு இப்போது என் கையில். ஜெகதாப்பட்டினத்திலிருந்து கூடையில் மீன் கொண்டுவந்து விற்கிற செல்வி. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவரின் சங்கிலியை ஓடும் பஸ்ஸில் அறுத்தாள் என்று குற்றச்சாட்டு. முன் சீட்டில் இருந்தபோது கழுத்தில் சுருக்கென்று இழுத்தது என்கிறார் அந்த அம்மா. செல்வியைப் பார்த்ததோ இறங்கும்போதுதான். சங்கிலியும் கிடைக்கவில்லை. கூடையோடு பக்கத்தில் நின்றாள், அவ்வளவுதான். தண்டனை விழுந்தால் அவள் ஜெயிலுக்குப் போவாள், பால்குடி மறக்காத பிள்ளை யார் வீட்டிலோ வளரும்.

தலைமையாசிரியையை நான்தான் குறுக்கு விசாரணை செய்தேன். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, கையில் மூக்குக்கண்ணாடிக் கூடு. என் வாய் தானாகவே, “மேடம், ஒக்காந்துக்கிறீங்களா?” என்றது. எதைக் கேட்டாலும் அவர், “ஆமா, ஆனா...” என்று இழுத்தார். அந்த ‘ஆனா’ முடிகிறவரை நான் காத்திருந்தேன். நீதிபதி காத்திருந்தார். டைப் அடிக்கிறவர்கூட விரலை எடுத்துவிட்டுக் காத்திருந்தார். அன்றைக்கு நீ இருமவில்லையே, ஏன்?

போன வாரம் நம் தரப்புச் சாட்சி ராக்கு கூண்டில் ஏறினாள். கடைசி சீட்டில் செல்வியோடு உட்கார்ந்து வந்தவள். இறங்குகிற வரைக்கும் செல்வி சீட்டை விட்டு எழவில்லை என்று சொல்லக்கூடிய ஒரே ஆள். என்னைவிட மூத்தவள். நான் எடுத்த எடுப்பிலேயே, “ஒன் பேரு என்ன? சத்தமா சொல்லு” என்றேன்.

என் கேள்விகள் முடிந்ததும் அரசு வக்கீல் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். “நீ பஸ்ல தூங்கிக்கிட்டுத்தானே வந்த?”

“ஆமாங்க...”

“அப்ப செல்வி எந்திரிச்சு முன்னாடி போனது ஒனக்குத் தெரியாது?”

“ஆமாங்க...”

முடிந்தது கதை. ‘நான் தூங்கிவிட்டேன் என்றால் சரிதான். செல்வி முன்னால் சென்றது எனக்குத் தெரியாது என்றால் சரிதான்.’ வாக்குமூலத்தில் அப்படித்தானே எழுதுவார்கள்! அதில் ‘நீ’யும் கிடையாது, ‘நீங்க’ளும் கிடையாது, வெறும் ‘நான்’தான். நாளைக்கு மேல்கோர்ட்டில் படிக்கிறவருக்கு யாரிடம் எந்தக் குரலில் கேட்டார்கள் என்று எப்படித் தெரியும்?

“சாட்சிகிட்ட மறுபடி கேக்க, மறு விசாரணை இருக்காம்மா?” என்று நீதிபதி கேட்டார். “இல்லைங்கய்யா” என்றேன். பாவம், இவளுக்கு எங்கே இதெல்லாம் ஞாபகம் இருக்கப்போகிறது என்று தோன்றிவிட்டது. யோசித்து வந்த நினைப்பில்லை ஜெசி, தானாக வந்தது. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

உட்காரப் போனேன். அப்போதுதான் இருமினாய்.

திரும்பிப் பார்த்தேன். உன் நாற்காலி காலியாக இருந்தது. வாசலோரம் கோர்ட் போலீஸ்காரர் நின்றார். அவர்தான் இருமியிருப்பார். அவர்தானா?

வராந்தாவில் ராக்குவைப் பிடித்து உலுக்காத குறைதான். “தூங்குனேன்னு ஏன் சொன்ன?”

அவள் முழித்தாள். “நான் எங்கம்மா தூங்குனேன்? அங்கிட்டு ஏறுனதுலேருந்து பேசிக்கிட்டேல்ல வந்தோம்!”

“பெறகு என்னத்துக்கு ஆமாங்கன்னு சொன்ன?”

“ஒருத்தரு பேசையில ஆமாங்க, ஆமாங்கன்னு கேட்டுக்கிறதுதானம்மா. பெறகுதான சொல்லணும்? நான் சொல்ல வாயத் தொறந்தேன், அதுக்குள்ள அடுத்ததக் கேட்டுட்டாரு. நீங்களும் மொகத்தச் சுளிச்சீங்க. கம்முனு எறங்கிட்டேன்.”

செல்வி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து உன் பழைய கேள்வி ஒன்று என்னைத் துரத்துகிறது. நீயும் அந்தப் பெரிய வீட்டுப் பையனும் ஒரே நாளில்தான் வக்கீல் சங்கத்தில் சேர்ந்தீர்கள், ஒரே வயது. அவனை “வாங்க தம்பி” என்றேன், உன்னை “வாடி, ஒனக்கு எந்த ஊரு?” என்றேன். பல வருஷம் கழித்து, டீ ஆற்றிக்கொண்டே கேட்டாய்: “என்னய மட்டும் ஏன்க்கா வந்த அன்னைக்கே நீன்னீங்க?” “பிரியத்துலதாண்டி, கழுதை!” என்று சிரித்தேன். நீ சிரித்தாயா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. அன்றைக்கு உன்மேல் எனக்கு என்ன பிரியம் இருந்திருக்க முடியும்? உன் பேர்கூடத் தெரியாதே.

ராக்குவை மறுபடி கூண்டில் ஏற்ற மனு போட்டேன். அரசு வக்கீல் குதித்தார். ஆனாலும் நீதிபதி அனுமதித்துவிட்டார். வருகிற திங்கட்கிழமை விசாரணை. ராக்கு அம்மாவுக்கும் ஒரு நாற்காலி கேட்பேன். “நீங்க சொல்லுங்க” என்பேன். “ஆமாங்க” என்றதும் யார் அவசரப்பட்டாலும் எழுந்து நின்று, “சாட்சி இன்னும் முடிக்கலைங்கய்யா” என்பேன். இது சத்தியம். செல்வி தப்பிப்பாளா என்று மட்டும் என்னால் சத்தியம் செய்ய முடியவில்லை.

பின் வரிசையில் உங்க நாற்காலியை யாரும் எடுக்காமல் பார்த்துக்கொள்கிறேன். வாங்க, ஜெசிந்தா. வந்து உட்காருங்க. நான் தவறினால் இருமுங்க.

உங்கள் பிள்ளைகளுக்குப் பெரியம்மா,
தனலெட்சுமி