ஜூலியின் பின்னங்கால்கள்

மதினி,

உங்கள் தோட்டத்துச் சாக்கை இன்று காலை துவைத்துக் காயப்போட்டேன். எத்தனை முறை அலசினாலும் ஏலக்காய் வாசம் போவதில்லை. அந்த வாசம்தான் என்னை எழுத உட்காரவைத்தது. கோர்வை விட்டுப்போகும் என்ற பயத்தில், சொல்ல வந்ததை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்:

1. ஜூலிக்கு வந்த இடுப்புக் கோளாறும் என் கோழைத்தனமும்.
2. அதற்கு நீங்கள் செய்தது.
3. உங்களுக்குச் சந்தேகம் என்பதே கிடையாது என்பது.

ஜூலிக்கு அப்போது எட்டு மாதம். ஓடும்போது பின்னங்கால் இரண்டையும் முயல் போலச் சேர்த்து வைத்துத் துள்ளுவாள். நாய்க்குட்டி விளையாடுகிறது என்று நினைத்தேன். கால் பலப்படட்டும் என்று தினமும் மாடிப்படியில் ஏற்றி இறக்கினேன். ஒரு நாள் பாதிப் படியில் உட்கார்ந்துகொண்டு என்னையே பார்த்தாள்.

கால்நடை மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். தொடை எலும்பின் உருண்டைத் தலை இடுப்புக் குழியில் சரியாகப் பொருந்தவில்லை. லாப்ரடார் இனத்தில் அடிக்கடி வருவது என்றார். அவர் சொன்ன எல்லாவற்றையும் வழக்கம்போல் தாளில் குறித்துக்கொண்டேன். எடையைக் குறைக்க வேண்டும், படி ஏற்றக் கூடாது, வழுக்காத தரையில் அளவாக நடக்கவிட வேண்டும், வலிக்கு மாத்திரை. இவை எதற்கும் கட்டுப்படாமல் வலி மிஞ்சினால் மட்டும், ஊசி போட்டு முடித்துவிடுவதை யோசிக்கலாம். வீடு வந்து சேரும்போது அந்தக் கடைசி வரி மட்டுமே என் கண்ணில் நின்றது.

மறுநாள் போடிமெட்டிலிருந்து ஜீப்பில் இறங்கி வந்தீர்கள். அண்ணன் இறந்தபின் ஏலத்தோட்டத்தைத் தனியாளாகப் பார்த்துவந்தவர் நீங்கள். அதுவும் காய் எடுப்பு நேரம்.

"ஊசி போட்டு அனுப்பிரலாமான்னு பாக்குறேன் மதினி."

"எங்க அனுப்புறீக, மதுரைக்கா?" என்றபடி தாளை வாங்கிப் படித்தீர்கள். "கொழுந்தனாரே, ஊசி கடைசி வரியில இருக்கு. நீங்க என்ன, கீழருந்து மேல படிக்கிறீகளா?"

"வலி தாங்காதோன்னுதான்..."

"நெய்யுஞ்சோறும் போட்டு நீங்க நாய வளக்கல, ஜீப்புல லோடு ஏத்துற மாதிரில்ல ஏத்தி வச்சிருக்கீக. மொதல்ல அத எறக்குவோம்."

பத்து நாள் தங்கினீர்கள். நான் பெருமையோடு போட்ட வழவழப்பான டைல்ஸ் தரை முழுவதும் சாக்கு விரித்தீர்கள். மழை ஈரத்தில் சரிவு இறங்கும்போது, முன்னால் போகிறவளின் இடுப்பில் சாக்கைச் சுற்றி, பின்னால் வருகிறவள் இரு முனையையும் பிடித்துக்கொள்வது உங்கள் தோட்டத்துப் பெண்களின் வழக்கம். அதையே ஜூலியின் அடிவயிற்றில் சுற்றி, கொல்லை மண்ணில் நடத்தினீர்கள். முனைகளை என்னிடம் தந்தபோது நான் பதறித் தூக்கிவிட்டேன்.

"தூக்காதீக. தூக்குனா அவளுக்குக் காலே மறந்துரும். விழுகாம மட்டும் பிடிங்க."

அதிலிருந்து ஐந்தாம் மாதம் அவள் சாக்கில்லாமல் கொல்லைக் கடைசி வரை நடந்தாள். போனில் சொன்னேன். "சரி, எனக்குச் சோலி கெடக்கு" என்று வைத்துவிட்டீர்கள். உங்கள் உறுதியில் கால்வாசி எனக்கு வாய்த்திருந்தால் என்று அன்று ஏங்கினேன்.

நீங்கள் கண்ணை மூடி ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. குளிர் இறங்கியதும் ஜூலி மறுபடி காலை இழுக்கிறாள். சாக்கை மீண்டும் எடுத்திருக்கிறேன். போன வாரம் மருத்துவரிடம் காட்டியபோது அவர் உங்களை விசாரித்தார். செய்தியைச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த மருந்துச் சீட்டைக் கீழே வைத்தார்.

"அந்தம்மா அந்தப் பத்து நாள்ல ரெண்டு தடவ தனியா வந்தாங்க சார். 'வாயில்லாச் சீவன நான் வீம்புக்கு வதைக்கிறேனா, சொல்லுங்க'ன்னு கேட்டு அழுதாங்க. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னாங்க."

இன்று காலையும் ஜூலியை நடத்தினேன். வலிக்கிறதோ என்ற பயம் கொல்லைக் கடைசி வரை கூடவே வந்தது. முன்பானால் அதைக் காரணம் காட்டி நிறுத்தியிருப்பேன். இப்போது அவள் முகத்தைப் பார்த்து, நின்று, மறுபடி நடத்துகிறேன். நீங்களும் இப்படித்தான் நடத்தியிருக்கிறீர்கள்.

என் மூன்றாவது குறிப்பு தவறு, மதினி.