தலைமை ஆசாரிக்குக் கொடுத்த வேட்டி

இராஜபாளையம்,
18-11-1992

சிரஞ்சீவி ராஜரத்தினத்துக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் உண்டு உடுத்தி நடமாடுகிற அளவுக்குச் சுகம். பம்பாயில் நீயும் மருமகளும் பேரனும் சுகமாக இருக்க ஆண்டாள் அருள் செய்யட்டும். நீ போட்ட கடிதமும் அதற்குள் மடித்து வைத்திருந்த மேஜைப் படமும் சனிக்கிழமையே வந்து சேர்ந்தன. பதில் எழுத வேண்டாம் என்று நான்கு நாள் இருந்தேன். முடியவில்லை. மடவார் வளாகத்தில் உன் தங்கை வேலுத்தாய்க்கு இது ஏழாம் மாதம், காலில் நீர் இறங்கியிருக்கிறது, பெரியாஸ்பத்திரியில் உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். பேரனுக்கு இருமல் நிற்கவில்லை என்று எழுதியிருந்தாய், பிரிட்ஜ் தண்ணீரைக் கொடுக்காதே என்று எத்தனை தடவை சொல்வது.

உன் கம்பெனி டைரக்டருக்கு மேஜை ரொம்பப் பிடித்துவிட்டது, அவருடைய கூட்டாளிகள் இரண்டு பேரும் அதே மாதிரி கேட்கிறார்கள், தைக்குள் அப்பாவை முடிக்கச் சொல்லு என்று எழுதியிருக்கிறாய். செங்கோட்டையிலிருந்து நீ அனுப்பவைத்த ஈட்டி மரப் பலகைகள் போன வாரமே லாரியில் வந்து பட்டறைச் சுவரில் சாய்ந்து நிற்கின்றன. உன் அப்பா தொடவில்லை. என்ன ஏது என்று உனக்குத் தெரியாதது போல எழுதுகிறாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை. தெரியாவிட்டால் நானே சொல்கிறேன்.

ஆடி மாதம் அந்த டைரக்டரை மரம் பார்க்க நீ கூட்டிக்கொண்டு வந்தாய். உன் அப்பா அவரை முக்காலியில் உட்காரவைத்து, முழங்கையிலிருந்து தரைவரை நூல் பிடித்து முடிச்சுப் போட்டுக்கொண்டார். டைரக்டருக்குச் சிரிப்பு. எல்லா ஆபீசிலும் முப்பது இஞ்சுதான், நான் வரைந்தபடி செய்தால் போதும் என்று நீ அதட்டினாய். ஆனால் உன் அப்பா நூல் சொன்னபடி ஒன்றரை இஞ்சு குறைத்துத்தான் செய்தார். மூன்று மாதம் ஆணி ஒன்றுகூட அடிக்காமல் இழைத்து இழைத்து, டிராயர் விரலால் தொட்டாலே உள்ளே போகிற மாதிரி. அந்த நாளெல்லாம் சோற்றுக்குக் கூப்பிட்டால் செத்த பொறு, செத்த பொறு என்பார். படம் வரைந்தது நீதான், அழகாகத்தான் வரைந்தாய், அதை நான் இல்லை என்று சொல்லவில்லை.

புரட்டாசியில் மேஜையை எடுக்க நீயும் டைரக்டரும் காரில் வந்தீர்கள். பெரிய வேலை முடிந்து சாமான் வெளியே போகுமுன் செய்யச் சொன்னவர் தட்டில் வெற்றிலை பாக்குப் பழத்தோடு வேட்டி துண்டு வைத்துத் தலைமை ஆசாரி கையில் கொடுக்க வேண்டும், அவர் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் சாமான் படி தாண்டும். உனக்குத் தெரியாத வழக்கமா? அதை அந்தக் கார் டிரைவரிடம் காலையிலேயே சொல்லி, அவர் மூலம் டைரக்டர் காதில் போட்டு, கடைத்தெருவுக்கு ஆள் அனுப்ப வைத்தது நான்தான். இத்தனை வருஷத்தில் ஒரு பெரிய மனுஷர் கையால் உன் அப்பா மரியாதை வாங்குவதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. என் புத்தியை நானே நொந்துகொள்கிறேன்.

டைரக்டர் மேஜை முன்னால் உட்கார்ந்து எழுதிப் பார்த்துவிட்டு இங்கிலீஷில் கேட்டாரே, அதை வேடிக்கை பார்க்க வந்திருந்த பக்கத்து வீட்டுப் பரிபூரணம் டீச்சர் எனக்குச் சொன்னார்கள். தோள் வலிக்காத மேஜையை இப்போதுதான் பார்க்கிறேன், இந்த உயரம் யாருடைய யோசனை என்று கேட்டாராம். நீ என்னுடையது என்றாயாம். தலைமை ஆசாரி யார் என்று தட்டை எடுத்தபோது நீ இரண்டு கையையும் நீட்டினாய். சுவரோரம் தூசியோடு நின்றவரைக் காட்டி, இவர் நம்மிடம் வேலை பார்க்கும் ஆசாரி என்றாய். தகப்பன் போன பிறகல்லவா மகன் அந்தத் தட்டுக்குக் கை நீட்டுவான்? ஏலே, உன் அப்பா உயிரோடு உன் எதிரேதான் நின்றார். மேஜையை லாரியில் ஏற்ற ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு போனார். போகிற அவசரத்தில் நீ அடுப்படிக்கு வந்து, அப்பாவைக் கட்டிக்கச் சொல்லு என்று வேட்டியை என் மடியில் போட்டுவிட்டுப் போனாய். பெற்ற வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது.

தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்து வந்தவரிடம் அந்த வேட்டியை எடுத்துக் கொடுத்தேன். அது எனக்குக் குடுத்தது இல்லட்டி, தலைமை ஆசாரிக்குக் குடுத்தது, அவன் வந்து கட்டிக்கிடட்டும் என்று சொல்லிவிட்டுப் பழைய நாலு முழத்தைக் கட்டிக்கொண்டார். சனிக்கிழமை வந்த உன் படத்தை விரித்து வெகுநேரம் பார்த்தார். ஆளு வராம உயரம் எப்படி வைக்க, ரெண்டு பேரும் எம்புட்டு உயரம்னு கேளு என்றார். எனக்கு உயிர் வந்தது. அடுத்த நிமிஷமே எதையோ நினைத்துக்கொண்டவர் போலப் படத்தை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு வாசல் பக்கம் போய்விட்டார்.

ஆகையால் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். வேட்டி துண்டைப் பிரிக்காமல் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். தலைமை ஆசாரி நீயென்றால் நீயே உளி பிடித்துச் செய்து, நீயே கட்டிக்கொள். இல்லை என்றால் அந்த ஒன்றரை இஞ்சைக் குறைத்தது யார் என்று உன் டைரக்டரிடம் உன் வாயால் சொல்லிவிட்டு, அவர் கையால் வேறு வேட்டி வாங்கிக்கொண்டு வா. அதுவரை பலகை சாய்ந்தபடியே இருக்கும். உன் அப்பாவுக்கு அறுபத்து மூன்று முடிகிறது, அதையும் யோசித்துக்கொள்.

நீ நூறு வயசு நன்றாக இரு, மருமகளும் பேரனும் நோய்நொடி இல்லாமல் இருக்கட்டும். வேலுத்தாய் வளைகாப்பு மார்கழிக்கு முன்னால், நாள் குறித்ததும் எழுதுகிறேன். பேரனுக்கு வெந்நீர்தான், மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன்னிடம் வேலை பார்க்கும் ஆசாரியின் பெண்சாதி,
ஆவுடையம்மாள்