ஏழு மார்க்குக்கு வந்த சித்தப்பா

சிதம்பரம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள பிரியாவுக்கு,

அம்மா எழுதுவது. எல்லாரும் நலம் என்று ஒரே வரியில் எழுதினால் நீ நம்பமாட்டாய், அதனால் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, எனக்கு வலது முழங்கால் படி ஏறும்போது மட்டும் வலிக்கிறது, மற்றபடி இருவரும் நன்றாக நடமாடிக்கொண்டிருக்கிறோம். கால்கரியில் இப்போதுதான் வெயில் எட்டிப் பார்க்கிறது என்றாயே, அந்த வெயில் உன் உடம்பில் நன்றாகப் படட்டும். இதைக் கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். தபாலில் போட்டால் வந்து சேர்வதற்குள் காரியம் முடிந்துவிடும், போனில் சொல்லலாமென்றால் அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு விடு விடு என்பார். நான் விடுவதாக இல்லை.

நேற்று உன் கதிர்வேல் சித்தப்பா கடலூரிலிருந்து வந்திருந்தார். அண்ணாகிராமத்துப் பலாப்பழம் ஒன்றைத் தானே தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார். இந்த வீட்டுக்கு அவர் எதையாவது கொண்டுவந்ததாக எனக்கு நினைவில்லை, அதனால் பழத்தைப் பார்த்ததுமே ஏதோ ஆக வேண்டியிருக்கிறது என்று தெரிந்துவிட்டது. விஷயம் அவர் மகன் இளவரசுதான். அகில இந்தியப் பொறியியல் நுழைவுத்தேர்வில் நல்ல ரேங்க் வாங்கியிருக்கிறான், வாரங்கலோ கோழிக்கோடோ மத்திய அரசுக் கல்லூரி ஒன்று கிடைக்கும் அளவுக்கு. ஆனால் ரேங்க் மட்டும் போதாது, பன்னிரண்டாம் வகுப்பில் நூற்றுக்கு எழுபத்தைந்து வேண்டும் என்ற விதி உனக்குத் தெரியும். அவன் மொத்தம் அறுநூற்றுக்கு நானூற்று நாற்பத்து மூன்று. முக்கால் பங்கு என்றால் நானூற்று ஐம்பது, ஏழு குறைகிறது, சீட் கொடுத்தாலும் சான்றிதழ் பார்க்கும்போது பிடுங்கிவிடுவார்கள் என்று அவன் படித்த பயிற்சி மையத்தில் சொல்லிவிட்டார்களாம். பையன் கல்லூரிகளுக்குச் சாய்ஸ் கூடப் போடாமல் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறான். கவிழ்த்தது தமிழ். மற்ற ஐந்திலும் எழுபதுக்கு மேல், தமிழில் ஐம்பத்திரண்டு. அந்த மையத்தில் தமிழ்ப் பாட நேரத்திலும் கணக்குத்தான் போட வைத்தார்களாம்.

திருவந்திபுரத்தில் இசைவாணி கல்யாணத்தில் பந்தியில் வைத்து, தமிழ் எம்.ஏ. படிச்சிட்டு இன்னா பண்றது அண்ணி, கோயில்ல செருப்பை இங்கே விடவும்னு போர்டு எழுதலாம் என்று எல்லாரும் சிரிக்கச் சொன்ன மனிதர், அந்தத் தமிழ் விடைத்தாளின் நகலைப் பையிலிருந்து எடுத்து என் முன்னால் இரண்டு கையாலும் நீட்டினார். மறுமதிப்பீட்டுக்குப் போடப் போகிறாராம், எங்கே மார்க் விட்டுப்போயிருக்கிறது என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். "ஏழே ஏழு மார்க்கு அண்ணி. நீங்க பாத்தா எங்கனா ஒளிஞ்சிருக்கும்" என்றார். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அவருக்குக் கேட்கும்படி வாய்விட்டுப் படித்தேன். வல்லெழுத்து மிகும் இடங்களில் எல்லாம் நிறுத்தி, இங்கே ஓர் எழுத்து இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் மேலே போனேன். மனப்பாடப் பாட்டில் பாதி இல்லை. நண்பனுக்கு வாழ்த்துக் கடிதம் எழுதச் சொன்ன கேள்விக்கு இடம், தேதி, அன்புள்ள நண்பா, அதோடு சரி. அப்பா இரண்டு முறை இருமினார், நான் நிறுத்தவில்லை. முடித்துவிட்டு, திருத்தியவர் இரக்கமுள்ளவர், என் கையில் வந்திருந்தால் இன்னும் மூன்று குறைந்திருக்கும், மறுமதிப்பீட்டுக்குப் போட்டால் இருப்பதும் போனாலும் போகும் என்றேன். அத்தனையும் உண்மை, ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை.

இதோடு விட்டிருப்பேன். ஐந்து பாட விஷயத்தையும் நானே சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன், அதைப் பிறகு எழுதுகிறேன். ஆனால் அப்பா பேச்சை மாற்றுவதற்காக, சாதிச் சான்றிதழெல்லாம் தயாராக இருக்கிறதா என்று கேட்டார். அதற்கு உன் சித்தப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அதெல்லாம் விடுவனாண்ணே? ஸ்டேட்டு வேற, சென்ட்ரலு வேற. ஸ்டேட்டு சர்டிபிகேட்ட எடுத்துக்கினு போனா அங்க மூஞ்சில அடிச்ச மாதிரி திருப்பி அனுப்பிடுவான். எப்பவும் ஏப்ரல் பொறந்த ஒடனே புதுசா வாங்கிடணும், அது அந்தக் காலத்துலேர்ந்து தெரிஞ்சதுதான்." சொல்லிவிட்டு டீயைக் குடித்தார். அப்பா தரையைப் பார்த்தார்.

நீ இதே நுழைவுத்தேர்வு எழுதிய வருடம் தாலுகா ஆபீஸில் தனக்கு ஆள் இருக்கிறது, அலைய வேண்டாம் என்று பொறுப்பை வாங்கிக்கொண்டு போனவர் அவர்தான். மாநிலச் சான்றிதழைக் கொண்டுவந்து கொடுத்து, ரெண்டும் ஒண்ணுதான் அண்ணி, தாளுதான் வேற என்றார். நான் நம்பினேன். உன்னைப் பொதுப் பிரிவில் தள்ளினார்கள், வாரங்கல் போயிற்று. சான்றிதழ் காட்டிவிட்டு பஸ்ஸில் திரும்பும்போது விழுப்புரம் தாண்டி வரும்வரை நீ ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாய். வீட்டுக்கு வந்தால், பொம்பளப் புள்ள அவ்ளோ தூரம் போவ வேணாம்னு சாமியே தடுத்துடுச்சின்னு நெனச்சுக்குங்க என்று அதற்கும் ஒரு சிரிப்பு. தெரியாமல் செய்தாரா தெரிந்தே செய்தாரா என்று இத்தனை வருடம் எனக்குத் தெரியாது, ஆதாரமில்லாமல் யாரையும் சொல்லக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். நேற்று அவரே சொல்லிவிட்டார், சொன்னது தனக்கே தெரியாமல்.

இப்போது ஐந்து பாட விஷயம். சித்தப்பா வருவதாகப் போன் செய்தபோதே, இளவரசுக்குச் சீட் நேரம் என்பதால், இந்த வருட விதிமுறைகளை எடுத்துப் படித்துவிட்டேன், இரண்டு முறை. யார் சொல்வதையும் அப்படியே நம்பும் பழக்கம் உன் வருடத்தோடு போய்விட்டது. எழுபத்தைந்து சதவீதம் ஆறு பாடத்துக்கு இல்லை, ஐந்துக்குத்தான். இயற்பியல், வேதியியல், கணிதம், ஒரு மொழி, இன்னொரு பாடம். இரண்டு மொழி படித்திருந்தால் எதில் மார்க் அதிகமோ அதை எடுத்துக்கொள்வார்கள். இளவரசு ஆங்கிலத்தில் எழுபத்தொன்று. தமிழை விட்டுவிட்டுக் கூட்டினால் ஐந்நூற்றுக்கு முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று வருகிறது, முந்நூற்று எழுபத்தைந்து போதும். பையனுக்குத் தகுதி இருக்கிறது. பயிற்சி மையத்துக்காரருக்கும் தெரியவில்லை, சித்தப்பாவுக்கும் தெரியவில்லை. சாய்ஸ் போட வியாழக்கிழமை மாலையோடு கடைசி.

நான் சொல்லவில்லை. சொல்லாததற்கு இன்னொரு காரணமும் உண்டு, உன்னிடம் மறைப்பானேன். தமிழை விட்டுவிடுங்கள், அது தேவையில்லை என்ற வாக்கியத்தை அந்த மனிதர் முகத்தைப் பார்த்து என் வாயால் சொல்ல முடியாது. அதனால், "எனக்குத் தமிழ்தான் தெரியும் தம்பி. இந்த விதியெல்லாம் கரைச்சுக் குடிச்சவ பிரியா. அவளக் கேளுங்க, வழி இருந்தா அவளுக்குத்தான் தெரியும்" என்றேன். அவர் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். புள்ளைய எதுக்கு அண்ணி தொந்தரவு பண்ணிக்கினு என்று இழுத்தார். உங்க விருப்பம், கோயில்ல போர்டு எழுத ஆள் வேணும்னா சொல்லி வைக்கறேன் என்றேன். அப்பா உன் நம்பரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். சித்தப்பா போனதும் அப்பா, அந்தப் பையன் நமக்கு என்ன செய்தான் என்று கேட்டார். ஒன்றும் செய்யவில்லை, எனக்குத் தெரியும். அந்த வயதில் நீயும் யாருக்கும் ஒன்றும் செய்யவில்லை. பலாப்பழத்தை அறுக்காமல் கீழ் வீட்டு மங்கலத்திடம் கொடுத்துவிட்டேன்.

அவர் உன்னைக் கூப்பிடுவார், வேறு வழியில்லை. முதல் தடவையே எடுக்காதே. எடுத்தால் முதலில் சித்தி, வீடு, மழை என்று சுற்றுவார், நீயாக உதவிக்குப் போகாமல் அவரே கேட்கும்வரை சும்மா இரு. என் பையனுக்குத் தகுதி இருக்கிறதா பார்த்துச் சொல் என்று அவர் வாயால் உன்னிடம் கேட்க வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்குப் பிறகு சொல்வதும் சொல்லாததும் உன் கையில். உனக்குத்தான் செய்தார்கள், தீர்ப்பு எழுத எனக்கு உரிமை இல்லை. சொல்வதென்றால் வியாழனுக்கு முன்னால் சொல், பையன் பட்டியல் போட ஒரு பகலாவது வேண்டும். சொல்லாமல் விட்டால் ஏன் என்று நான் ஒருநாளும் கேட்கமாட்டேன், அப்பாவும் கேட்காதபடி பார்த்துக்கொள்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. ரொட்டியைத் தின்றுவிட்டுச் சாப்பிட்டேன் என்று சொல்லாதே. எடுத்த காரியமெல்லாம் உனக்குக் கைகூடி, குறைவில்லாமல் நீடு வாழ அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம். மறக்காமல் போனைச் சார்ஜில் போட்டு வை.

உன் அம்மா,
ப. அமராவதி