ஆயுத பூஜையன்று கூடத்தில் இருந்த ரைபிள்

அக்கா,

காலையிலிருந்து விரலில் உன் ரைபிள் எண்ணெயின் வாசனை. சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. அம்மாவின் பழைய காட்டன் சேலைத் துண்டில் இந்த எண்ணெயைத் தொட்டு நீ குழாயைத் துடைக்கும்போது வீடே நாறும். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஜன்னலைத் திறப்பேன். இன்று நானே துடைத்தேன். துடைத்து, கொண்டுபோய், நீ சுட்டுப் பயிற்சி எடுத்த ரேஞ்சின் ஆயுத அறையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். வீட்டில் வைக்கத்தானே அத்தனை பாடுபட்டாய், ஏன் கொடுத்தாய் என்று நீ கேட்பாய். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

நீ போனதும் அந்த ரைபிள் யாருக்கும் சொந்தமில்லாத சாமான் ஆகிவிட்டது. லைசென்ஸ் உன் பெயரில். நீ இல்லை. காரியமெல்லாம் முடிந்ததும் போலீஸ் ஸ்டேஷனில் தகவல் சொல்லி, அவர்கள் சொன்னபடி உரிமம் உள்ள ஒரு துப்பாக்கிக் கடையில் ஒப்படைத்தேன். அம்மாவால் அதைத் தாங்க முடியவில்லை. உன் மெடல்களைக்கூட அவள் அவ்வளவாகத் தொடவில்லை. தினமும் இதே பேச்சு.

"அவ கை பட்ட சாமான் எவனோ யாவாரி கடையில கெடக்கு. போய் எடுத்துட்டு வால."

"எடுத்துட்டு வர அது இஸ்திரிக்குக் குடுத்த சட்டையாம்மா? லைசென்ஸ் வேணும்."

"அப்ப வாங்கு. இவ்வளவு படிச்சிருக்கல்லா?"

வாங்கக் கிளம்பினேன். இறந்தவரின் வாரிசு தன் பெயரில் விண்ணப்பிக்கலாம் என்று சட்டத்தில் இடம் இருக்கிறது. இடம் மட்டும்தான் இருக்கிறது, வேகம் இல்லை. பயிற்சிச் சான்று, டாக்டர் சான்று, கைரேகை, பிறகு இந்த வடக்கத்தி ஊர் ஆபீஸ்களின் ஒவ்வொரு ஜன்னலிலும் 'கல் ஆனா'. நாளைக்கு வா, நாளைக்கு வா. ஆபீசில் நான் ஒரு சாஃப்ட்வேரை இப்படி எழுதியிருந்தால் அன்றைக்கே வெளியே அனுப்பியிருப்பார்கள். வரிசையில் நிற்கும்போதெல்லாம் உன் குரல் கேட்டது: "டேய் ஜல்தி, உனக்கு இது வேணும்டா." என் பெயரை மறந்துவிட்டாயோ என்று தோன்றும் அளவுக்கு, எதிலும் அவசரப்படும் என்னை ஜல்தி என்றே கூப்பிட்டாய்.

விசாரணைக்கு ஒரு கான்ஸ்டபிள் வந்தார். ரைபிளை எங்கே வைப்பாய் என்று சுவரைத் தட்டிப் பார்த்தார். அதில் எனக்குப் பயமில்லை. பிறகு, அக்கம்பக்கத்தில் விசாரிக்க வேண்டும் என்று படியிறங்கி நேராகக் கீழ்த்தளத்து அங்கிள் வீட்டு மணியை அடித்தார். பார்க்கிங்குக்காக அந்த மனிதரோடு நான் போட்ட சண்டைகள் உனக்குத் தெரியும். இரண்டு முறை நீதான் நடுவில் வந்து என்னை மேலே இழுத்துப் போனாய். அவர் ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் போதும், அம்மா கேட்ட சாமான் கடையிலேயே கிடக்க வேண்டியதுதான்.

நான் மாடிப்படி வளைவில் நின்று கேட்டேன். அங்கிள் பனியனோடு வெளியே வந்து தலையைச் சொறிந்தார். "லட்கா டீக் ஹை," என்றார். "ஜுபான் தேஜ் ஹை, பஸ்." பையன் நல்லவன், வாய்தான் நீளம், அவ்வளவே. கான்ஸ்டபிள் சிரித்துவிட்டுப் போனார். நான் அங்கிளுக்கு நன்றிகூடச் சொல்லவில்லை. உண்மையைத்தானே சொன்னார் என்று நினைத்துக்கொண்டேன்.

லைசென்ஸ் கைக்கு வந்ததும் இரும்புப் பெட்டி விஷயத்தில் இறங்கினேன். அங்கே நான் ராஜா. செங்கல் சுவரில் போல்ட் நிற்காது என்று கான்கிரீட் தூணில் துளை போட்டு, கனத்த தகட்டுப் பெட்டியை உள்பக்கமிருந்து இறுக்கினேன். கைரேகைப் பூட்டு, என் ரேகை மட்டும். தோட்டாக்களுக்குத் தனிப் பெட்டி, தனிச் சாவி. பெயர்த்தெடுத்துப் போக வேண்டுமென்றால் திருடன் தூணையும் சேர்த்துத்தான் எடுத்துப் போக வேண்டும். திருடனைப் பற்றி மட்டுமே யோசித்தேன், அக்கா. வெளியாள் உள்ளே வராமல் இருக்க என்ன வேண்டுமோ எல்லாம் செய்தேன்.

ரைபிள் வீட்டுக்கு வந்த அன்று அம்மா அதன் கட்டைப் பகுதியில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். நீ குறி பார்க்கும்போது கன்னம் படும் அதே இடம். நான் சமையலறைக்குப் போய்விட்டேன்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. நம் வீட்டில் அன்று மிக்சி, கத்தரிக்கோல், அப்பாவின் பேனா, என் லேப்டாப் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்து வரிசையாக வைப்பது வழக்கம். உன் ரைபிளும் அந்த வரிசையில்தான் இருக்கும். "பேருக்கேத்த ஆயுதம் நம்ம வீட்டுல மட்டும்தான்மா இருக்கு, அச்சா பொட்டா வை" என்பாய். இந்த வருஷமும் வைக்கணும் என்றாள் அம்மா. ரைபிளின் போல்ட்டை, தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் அந்தப் பாகத்தை, கழற்றிப் பெட்டிக்குள் பூட்டிவிட்டு ரைபிளை மட்டும் எடுத்துக் கொடுத்தேன். போல்ட் இல்லாத ரைபிள் வெறும் இரும்புக் குழாய். அதன் பக்கத்தில் கார் சாவியையும் வைத்து, அம்மா இரண்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். மறுநாள் வரை எதையும் எடுக்கக் கூடாது.

அதே காலையில் கீழே அங்கிள் வீட்டில் அவர்கள் நவமி வழக்கப்படி பெண்குழந்தைகளை உட்காரவைத்துப் பூரி அல்வா பரிமாறிக்கொண்டிருந்தார்கள். அதற்கு வந்த அவருடைய அண்ணன் மகன், என் காருக்குப் பின்னால் வண்டியை நிறுத்தி ஹாரனை அழுத்தினான். விடாமல் அழுத்தினான். நான் இறங்கிப் போனேன்.

"காடி ஹட்டா." வண்டியை எடுக்கணுமாம்.

"பூஜை. இன்னிக்கு எடுக்க மாட்டோம். பின்னாடி தெருவுல போடு."

"தேரே பாப் கி ஜகஹ் ஹை க்யா?" உங்க அப்பன் இடமா என்கிறான். இதைச் சொல்லிக்கொண்டே என் கார்க் கதவை உதைத்தான். குழிந்துவிட்டது. நான் அவன் சட்டையைப் பிடித்தேன், அவன் என் கழுத்தைப் பிடித்தான். யாரோ பிரித்துவிட்டார்கள். "வண்டியைத்தானே எடுக்கணும்? எடுக்கிறேன்டா, இரு!" என்று கத்திக்கொண்டே மூன்று மாடியும் ஏறினேன்.

கதவு திறந்தபடியே கிடந்தது. செருப்போடு கூடத்துப் பூஜை வரிசைக்குப் போய்க் கையை நீட்டினேன்.

அம்மா ரைபிள் மேல் விழுந்தாள். குனிந்து எடுக்கவில்லை, விழுந்தாள். குத்துவிளக்கு சாய்ந்து எண்ணெய் தரையில் ஓடியது. இரண்டு கையாலும் குழாயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"வேண்டாம்ல! என் ராசால்லா! வேண்டாம்ல!"

"அம்மா, சாவிம்மா! கார் சாவி!"

அவள் காதில் விழவில்லை. "அதுல போல்ட்டே இல்லம்மா! வெறும் குழாய்!" என்று கத்தினேன். என்ன முட்டாள்தனம் பார். அவ்வளவு நடந்தும் அவளுக்கு இயந்திரம் விளக்கிக்கொண்டு நிற்கிறேன்.

வாசலில் நிழல் விழுந்தது. கீழ்த்தளத்து அங்கிள் மூச்சிரைக்க நின்றிருந்தார். தரையில் அம்மா, அவள் கையில் ரைபிள், அவளுக்கு எதிரே கையை நீட்டியபடி நான். அவர் பார்த்தது இதுதான். ஸ்டேஷனுக்கு ஒரு போன் போட்டால் லைசென்ஸ் போய்விடும், ரைபிள் போய்விடும், நானும் உள்ளே போவேன். அவர் போனை எடுக்கவில்லை. மெதுவாக உள்ளே வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் நின்று, "பேட்டா, சாபி முஜே தே," என்றார். சாவியை என்னிடம் கொடு. குங்குமம் அப்பிய சாவியை எடுத்துக் கொடுத்தேன். அவரே போய் என் வண்டியை எடுத்துப் பின்தெருவில் விட்டார்.

சாயங்காலம் சாவியைத் திருப்பிக் கொடுக்க வந்தவர், அண்ணன் மகனுக்காக மன்னிப்பும் கேட்டார். போகும்போது ஒன்று சொன்னார்: "மைனே தேரே லியே போலா தா." உனக்காக அந்தக் கான்ஸ்டபிளிடம் நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். கோபமில்லை. பயந்துபோன மனிதரின் குரல் அது.

அன்றிரவு அம்மாவிடம் மறுபடியும் ஆரம்பித்தேன். சாவியை எடுக்கத்தான் வந்தேன், போல்ட் உள்ளே பூட்டியிருந்தது என்று. அவள் நிறுத்தினாள். "போல்ட்டு இல்லன்னு உனக்குத் தெரியும்ல. எனக்கு உன் மூஞ்சிதான் தெரிஞ்சுது."

நீ ஒன்று சொல்வாய்: "கண்ணு முன்னாடி, இல்லன்னா பூட்டுக்குள்ள. பீச்ல, நடுவுல எதுவும் கிடையாது." நான் சண்டை போடக் கீழே போனபோது உன் ரைபிள் கண் முன்னாலும் இல்லை, பூட்டுக்குள்ளும் இல்லை. போல்ட் இல்லையே என்று உன்னிடம் வாதாட எனக்குத் தைரியமில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். என் கை சாவிக்குத்தான் போனது. சத்தியம். ஆனால் சாவிக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பது அந்த நேரத்தில் எனக்கு மறந்துபோகவில்லை.

ரேஞ்சில் உறுப்பினர்கள் தங்கள் ஆயுதத்தை வைக்க இடம் தருகிறார்கள். லைசென்ஸ்காரனான நானும் உறுப்பினராகி அங்கே போய்ச் சுடலாம், திருப்பி வைத்துவிட்டு வரலாம். அம்மாவிடம் தயங்கித்தான் கேட்டேன். "அவ பாதி நாள் அங்கதானே கெடந்தா. அங்கயே இருக்கட்டும்," என்றாள். ரைபிளை உறையில் போட்டுக் கிளம்பியபோது லிஃப்ட் இல்லாத படிகளில் எனக்கு முன்னால் அவளும் இறங்கி வந்தாள். கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக. நான் அவசரப்படுத்தவில்லை.

ரைபிளை அவர்கள் வாங்கிக்கொண்டார்கள், அக்கா. அம்மா அன்று என்னைப் பார்த்த பார்வையை எங்கேயும் ஒப்படைக்க முடியாது. அது என்னோடுதான் இருக்கிறது.

தம்பி