சலாம் வரிசை

கோட்டுச்சேரி,
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் ரஃபீக்கிற்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் தங்கை நௌஷினும் சுகம், உன் உடம்புக்கும் வேலைக்கும் துஆ செய்தபடி இருக்கிறோம். ஒரு வாரமாக வீடியோவில் முகத்தைக் காட்டாமல் மின்விசிறியையே காட்டுகிறேன் என்று கோபித்துக்கொண்டாய், சிலம்ப வகுப்பை நிறுத்தியாச்சா என்று நேற்றும் அதட்டினாய். போனில் சொன்னால் பாதியிலேயே கத்துவாய், அதனால் பக்கத்து வீட்டு அஜீசுன்னிசாவின் மகன் ஷார்ஜா வருகிறான், அவனிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

நௌஷினை அதில் சேர்த்தது நான்தான், ஆனால் தெரிந்து சேர்க்கவில்லை. ஒரு காகிதத்தை நீட்டி, மொத மாசம் பூரா சலாம் வரிசைதான் உம்மா என்றாள். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ஒரு சலாம் சொல்ல வாய் வராத பிள்ளை, வரிசையில் நிறுத்தி மரியாதை கற்றுக்கொடுக்கிறார்கள் போல என்று பூரித்துப்போய்க் கையெழுத்துப் போட்டேன். அது கம்பைச் சுற்றிக்கொண்டே எதிராளிக்கு மரியாதை செய்யும் ஆட்டமாம், எனக்கென்ன தெரியும்? மூன்றாம் நாள் கெண்டைக்கால் கன்றி, விரல் முட்டி வீங்கி வந்து நின்றாள். நீ கொண்டுவந்த கோடாலித் தைலம் ஒரே வாரத்தில் காலி. நீ குதித்த குதியில் நானும் புர்காவை மாட்டிக்கொண்டு சண்டைக்கே போனேன். மாஸ்டர் என்றால் மீசைக்காரர் என்று நினைத்திருந்தேன், பார்த்தால் விழிதியூர் வினோதா, உன்னைவிடச் சின்னவள். பிள்ளையை இப்படியா அடிப்பது என்று கேட்டேன். நான் அடிக்கலீங்கம்மா, அவ சுத்துற கம்புல அவளே அடி வாங்கிக்கிறா, செத்த நின்னு பாருங்க என்றாள். பார்த்தேன். ஊசி போட்டால் ஆஸ்பத்திரியையே கூட்டிவிடுகிற உன் தங்கை, கம்பு காலில் பட்டதும் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி சலாம் வைத்து முதலிலிருந்து ஆரம்பித்தாள். எனக்குத்தான் அழுகை வந்தது.

சும்மா புடிச்சுப் பாருங்க என்று வினோதா என்னிடமும் ஒரு கம்பைக் கொடுத்தாள். உன் வாப்பா மௌத்தாகி நம்மை விட்டுப் போன நாளிலிருந்து, வழுக்கி விழுந்தால் தூக்க ஆளில்லை என்று குளியலறைக்குக்கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டே போகிறேன், இதை உன்னிடம் சொன்னதில்லை. ஒரு சுற்றுத்தான் சுற்றினேன், என் நெற்றியிலேயே விழுந்தது அடி, மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். ஒருவரும் தூக்க வரவில்லை. கம்பை எடுத்துக்கிட்டு எந்திரிங்கம்மா என்றாள். எழுந்துவிட்டேன் ரஃபீக். இவ்வளவுதானா என்று இருந்தது. வீக்கம் எலுமிச்சம்பழம் அளவு, மின்விசிறி காட்டியது அதனால்தான்.

ஆகவே யோசித்துச் சொல், நிறுத்துவதென்றால் இரண்டு பேரை நிறுத்த வேண்டும், கடைசி வரிசையில் நானும் நிற்கிறேன். நௌஷின் இப்போது வருகிறவர்களுக்கெல்லாம் சலாம் சொல்கிறாள், கையில் கம்போடு. அஜீசுன்னிசா வாசலோடு பேசிவிட்டுப் போய்விடுகிறாள்.

தொழுகையை விடாதே, வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும். வரும்போது தைலம் மறக்காதே, பெரிய பாட்டில், இரண்டு.

கம்போடு எழுந்த உன் உம்மா,
ஆஸியா பீவி